மூன்றாவது கோடைக்கு முன்னால்: ஓபரா முகாமும் வீட்டின் மேல் வாங்கிய கடனும்

கேள்வி: ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டியில் இருக்கிறோம். கணவர் ஆயில் கம்பெனியில் வேலை, நான் பகுதி நேரம். மகள் 11ஆம் வகுப்பு. சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் கற்றாள். ஆறாம் வகுப்பில் பள்ளிக் கொயரில் சேர்ந்ததும் மனசு அந்தப் பக்கம் போய்விட்டது. உச்சஸ்தாயியில் பாடும் சொப்ரானோ குரல், இந்த வருடம் மாநில அளவில் தேர்ந்தெடுக்கும் டெக்சஸ் ஆல்-ஸ்டேட் கொயரில் இடம் கிடைத்தது. கல்லூரியிலும் ஓபரா பாட்டுதான் படிப்பேன் என்கிறாள், எங்களுக்கும் சம்மதம். 9ஆம் வகுப்பு முடிந்த கோடையில் மூன்று வார ஓபரா முகாமுக்குப் போனாள், போன கோடையில் ஆறு வாரம். இரண்டுக்கும் ஹீலாக்கில் (வீட்டை ஈடாக வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) எடுத்தோம், முதலில் 8,000 டாலர், பிறகு 12,000. நடுவில் குளிர்காலத்தில் ஒரு 4,000. பாக்கி 24,000. வட்டி 8.5 சதவீதம், மாதம் 170 டாலர் வட்டி மட்டும் கட்டுகிறோம். இந்தக் கோடைக்கு இத்தாலியில் நான்கு வார முகாம், விமானத்தோடு 13,000 ஆகும். கூடப் பாடும் இரண்டு பிள்ளைகள் போகிறார்கள், இவள் பின்தங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. 401கே ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து கடன் எடுத்து எல்லாவற்றையும் அடைக்கலாம் என்கிறார் கணவர். அவருடைய சித்தப்பா மகன், “அண்ணி, பாப்பா பேர்ல மாசம் 600 டாலருக்கு ஐயுஎல் போடுங்க, இனிமே முகாமுக்கெல்லாம் அதுலேர்ந்தே கடன் எடுத்துக்கலாம்” என்று சொல்லி, பங்குச் சந்தையோடு சேமிப்பை இணைத்த அந்த ஆயுள் காப்பீட்டின் விண்ணப்பத்தில் கையெழுத்தும் வாங்கிவிட்டார். 529 கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் 41,000 இருக்கிறது, அதைத் தொடலாமா? போனஸில் 6,000 டாலரை டிசம்பர் சென்னைப் பயணத்துக்கு எடுத்து வைத்திருக்கிறோம். ராத்திரி தூக்கம் வரவில்லை.
- ஒரு வாசகி, கேட்டி, டெக்சஸ்

பதில்: 24,000 டாலர் உங்கள் குடும்பத்தால் அடைக்க முடியாத கடன் இல்லை. அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது “வட்டி மட்டும் கட்டுகிறோம்” என்று போகிற போக்கில் எழுதிய வரி. இரண்டு வருடமாகக் கட்டுகிறீர்கள், அசலில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. குறையாத கடனின் மேல் ஒவ்வொரு கோடையும் ஒரு புதுக் கடன் ஏறுகிறது. இந்தப் பழக்கம் நின்றால் மீதி எல்லாம் சரியாகும். அது நிற்காமல் 401கே, ஐயுஎல், 529 என்று எதை எடுத்தாலும் கடன் இடம் மாறும், அவ்வளவுதான்.

இத்தாலிக்கும் இதிலிருந்தே எடுத்தால் பாக்கி 37,000. வட்டி மட்டும் மாதம் சுமார் 262. ஹீலாக்கில் பொதுவாக முதல் 10 வருடம் இப்படி வட்டி மட்டும் கட்ட விடுவார்கள், அதில் உங்களுக்கு இன்னும் எட்டு வருடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு வருடத்துக்கு வட்டியே 25,000 தாண்டும். அதற்கப்புறம் அசலும் சேர்த்து 15 வருடத்தில் அடைக்க மாதம் 364, மொத்தம் 65,500 சொச்சம். ஆக, மூன்று கோடைகளுக்கும் ஒரு குளிர்காலத்துக்கும் இனி நீங்கள் கட்டப் போவது 90,000 டாலர். கடைசித் தவணை கட்டும்போது உங்கள் மகளுக்கு நாற்பது வயது ஆகியிருக்கும். வட்டி ஏறி இறங்கும் என்பதால் இது உத்தேசக் கணக்குதான், ஆனால் நிலைமை இதுதான். வீட்டைக் கட்டவோ செப்பனிடவோ செலவழிக்காததால் இந்த வட்டிக்கு வரிச் சலுகையும் கிடையாது.

இன்னொன்றையும் கவனித்தேன். நீங்கள் எடுத்ததெல்லாம் 8,000, 12,000, 4,000 என்று முழு ஆயிரங்கள். டெக்சஸ் சட்டப்படி ஹீலாக்கில் ஒரு முறை எடுத்தால் குறைந்தது 4,000 எடுத்தாக வேண்டும். அந்தக் குளிர்கால 4,000 எதற்கு என்று நீங்கள் எழுதவில்லை. 1,500 தேவைப்பட்டிருக்கும், 4,000 எடுத்திருப்பீர்கள், மிச்சம் எங்கே போனது என்று இப்போது யாருக்கும் நினைவிருக்காது. சின்னச் செலவுக்கு உதவாத கடன் இது. அதைச் சின்னச் செலவுக்குப் பயன்படுத்தினால் இப்படித்தான் ஆகும்.

கணவரின் 401கே யோசனை காகிதத்தில் அழகாக இருக்கும்: வட்டி நமக்கே வருகிறது, ஐந்து வருடத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் எண்ணெய்த் தொழிலில் ஆட்குறைப்பு எப்படி வரும் என்று ஹூஸ்டன்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை போனால் அந்த வருட வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் பாக்கியைக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் பாக்கி முழுவதும் வருமானமாகக் கணக்காகும், 59½ வயதுக்குக் கீழே என்றால் 10 சதவீத அபராதமும் சேரும். அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. ஹீலாக் பூஜ்யமானதும் அது மூடப்படுவதில்லை, மறுபடி எடுக்கக் காத்திருக்கிறது. அடுத்த கோடையில் 401கே கடனும் இருக்கும், ஹீலாக்கும் இருக்கும்.

சரி, இத்தாலி. பயப்படுவது இயல்புதான், ஆனால் இந்தத் துறை நடக்கிற விதம் தெரிந்தால் பயம் பாதியாகக் குறையும்.

ஹைஸ்கூல் பாடகர்களுக்கான கோடை முகாம்களை நான் குறை சொல்ல மாட்டேன். மிஷிகனில் இன்டர்லாக்கன் 1928 முதல் நடக்கிறது, மாசசூசெட்ஸில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டேங்கிள்வுட் இன்ஸ்டிட்யூட் 1966 முதல். உண்மையான பயிற்சி கொடுக்கிற இடங்கள். உங்கள் மகளும் இரண்டு கோடைகளில் இத்தாலிய உச்சரிப்பு, மேடையில் நடித்துக்கொண்டே பாடுவது, தன்னைவிட நன்றாகப் பாடுகிற பிள்ளைகளோடு நிற்பது எல்லாம் கற்றிருப்பாள். அந்தப் பணம் வீண் என்று நினைத்து வருந்தாதீர்கள். மூன்றாவது கோடை அதே அளவு புதிதாகத் தராது. காசு கட்டி மேடையேறும் வெளிநாட்டுக் கோடை நிகழ்ச்சிகளை ஓபரா உலகத்திலேயே பே-டு-சிங் என்று தனியாகப் பிரித்துப் பேசுவார்கள். அதில் நல்லதும் உண்டு. ஆனால் கல்லூரித் தேர்வுக் குழு எந்த முகாம் என்று பார்த்து இடம் தருவதில்லை, பாடச் சொல்லிக் கேட்டுத்தான் தருகிறது.

அப்புறம், பதினேழு வயதில் ஓபராக் குரல் முடிந்துபோன விஷயம் இல்லை. பெரிய ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி அரங்கின் கடைசி வரிசை வரை மைக் இல்லாமல் போக வேண்டிய குரல் அது. பலருக்கு இருபதுகளின் பின்பாதியில்தான் முழுசாக வருகிறது. நல்ல ஆசிரியர்கள் இந்த வயதில் பழைய இத்தாலியப் பாடல்களோடும் மோட்சார்ட், ஷூபர்ட்டோடும் நிறுத்துவார்கள், புச்சீனியின் கனமான ஆரியாக்களை, அதாவது ஓபராத் தனிப்பாடல்களைத் தொட விடமாட்டார்கள். அதாவது உங்கள் மகளுக்கு முன்னால் நான்கு வருட இளங்கலை, அநேகமாக இரண்டு வருட முதுகலை, அதற்கப்புறம் ஊர் ஊராக ஆடிஷன் என்று பத்து வருடம் இருக்கிறது. அந்தப் பாதையில் மேலே போகப் போகச் சில பெரிய கதவுகள் காசே கேட்பதில்லை. ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி 1928 முதல் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அதே ஊரில் அகாடமி ஆஃப் வோக்கல் ஆர்ட்ஸும் வாங்குவதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் மெரோலா கோடைப் பயிற்சிக்குப் பாடகர் கட்டணம் கட்ட வேண்டாம். உங்கள் ஊர் ஹூஸ்டன் கிராண்ட் ஓபராவில் இளம் பாடகர்களுக்குப் பயிற்சி தரும் பட்லர் ஸ்டுடியோ 1977இல் தொடங்கியது, தேர்வானவர்களுக்கு அவர்களே பணம் கொடுக்கிறார்கள். நுழைவது மிகக் கடினம், மறுக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து வயதில் அந்த வாசலில் போய் நிற்கும்போது கையில் கடன் இல்லாமல் நிற்பது பெரிய பலம். வீட்டுக் கடனை நினைத்துப் பாட்டை விட்டுவிட்டு முதலில் கிடைத்த வேலையில் சேரும் நிலைக்கு அவளைக் கொண்டுவிடாதீர்கள்.

இந்தக் கோடை அவள் ஹூஸ்டனிலேயே இருக்கட்டும். கிராண்ட் ஓபராவே ஹைஸ்கூல் கடைசி வருடப் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ஸ் ஸ்டுடியோ நடத்துகிறது. ஆடிஷன் வைத்து எடுக்கிறார்கள், கட்டணம் இல்லை. அதற்கு விண்ணப்பித்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை, உடனே விசாரியுங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இசைக் கல்லூரிகள் பலவும் டிசம்பர் 1 வாக்கில், சில அதற்கு முன்பே, பாடிய வீடியோவைக் கேட்கும். அதில் தேறியவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரியில் நேரடி ஆடிஷன். இங்கேதான் காசு வேலை செய்கிறது. பாட்டு ஆசிரியரிடம் பத்து வாரம் ஒரு 900 டாலர், பியானோவோடு பாடிப் பழக கோச்சிடம் 700, வீடியோ பதிவுக்கு 500, ஏழு கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் 800, மூன்று ஊருக்கு அவளும் நீங்களும் போய்வர 2,700. மொத்தம் 5,600.

அந்தப் பணம் உங்களிடம் இருக்கிறது, ஊர்ப் பயணத்துக்கு வைத்திருக்கும் 6,000. கேட்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். ஊரில் பெரியவர்கள் காத்திருப்பார்கள், மார்கழிக் கச்சேரிகளும் இருக்கின்றன. ஆனால் வீடியோ அனுப்பும் மாதத்தில் கிளம்பி, ஆடிஷனுக்கு இரண்டு வாரம் முன்பு இருபது மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் வந்து இறங்கி, சளியோடு போய் நிற்பது பாடுகிற பிள்ளைக்குப் பெரிய ஆபத்து. பணக் கணக்கை விடுங்கள், அவள் தொண்டைக்காகவாவது இந்தப் பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

இனி 24,000. ஐயுஎல்லுக்கு மாதம் 600 ஒதுக்க முடியும் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள், 170 இப்போதே கட்டுகிறீர்கள். இரண்டையும் சேர்த்து மாதம் 770 ஹீலாக்கிலேயே கட்டுங்கள். மூன்று வருடத்துக்குள் தீர்ந்துவிடும், மொத்த வட்டி 3,200 அளவில் நிற்கும். முதல் தவணை கட்டும் அன்றே, இனிப் பணம் எடுக்க முடியாதபடி கணக்கை முடக்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். செய்ய வேண்டிய காரியங்களில் இதுதான் முதலாவது. ஏனென்றால் அடுத்த கோடையிலும் கல்லூரிக்கு முன் தயாரிப்பு என்ற பெயரில் ஒரு முகாம் வரும். அப்போது கணக்கு திறந்திருந்தால் எடுத்துவிடுவீர்கள். அப்படி ஒரு முகாம் அவசியம் என்று அவளுடைய ஆசிரியரே சொன்னால், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காமல் சேர்க்காதீர்கள். நல்ல முகாம்களில் அது உண்டு, நம் வருமானத்துக்குத் தரமாட்டார்கள் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். கல்லூரிக்குக் கடன் தேவைப்பட்டாலும் முன்போல் தாராளமாகக் கிடைக்காது: 2026 ஜூலையிலிருந்து புதிதாக வாங்கும் பெற்றோருக்கு அரசின் பேரன்ட் பிளஸ் கடன் வருடத்துக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று வரம்பு வந்துவிட்டது.

529ஐத் தொடாதீர்கள். முகாமுக்கு எடுத்தால் வளர்ந்த பகுதிக்கு வருமான வரி, மேலே 10 சதவீத அபராதம். இன்னும் ஒன்றரை வருடத்தில் கல்லூரிக் கட்டணத்துக்கு வரியே இல்லாமல் எடுக்கப் போகும் பணம் அது.

கடைசியாக ஐயுஎல். நம்மவர்கள் கூடும் ஒவ்வொரு விருந்திலும் இதை விற்க ஒருவர் இருக்கிறார், எனக்குப் பொறுமை குறைந்துகொண்டே வருகிறது. பதினேழு வயதுப் பெண்ணின் வருமானத்தை நம்பி யாரும் இல்லை, அவளுக்கு ஆயுள் காப்பீடு எதற்கு? முதல் சில வருடங்களில் கட்டுவதில் கணிசமான பகுதி கமிஷனுக்கும் காப்பீட்டுச் செலவுக்கும் போய்விடும். நடுவில் விட்டால் சரண்டர் கட்டணம், பல பாலிசிகளில் பத்து வருடமோ அதற்கு மேலோ. சந்தை ஏறினால் லாபத்துக்கு உச்சவரம்பு, டிவிடெண்டும் கணக்கில் வராது. அதிலிருந்து எடுக்கும் கடனுக்கும் வட்டி உண்டு. கடன் பாக்கியோடு பாலிசி செத்துப்போனால் லாபத்துக்கு வரி கட்ட வேண்டி வரும். கோடைக்குக் கோடை கடன் வாங்கும் பழக்கத்துக்கு இன்னொரு வாசலைத் திறந்து விடுகிறது இது.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று தயங்க வேண்டாம். பாலிசி இன்னும் வரவில்லை என்றால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று கம்பெனிக்கே நேராக எழுதிவிடுங்கள், கொழுந்தனார் வழியாக வேண்டாம். வந்துவிட்டது என்றால் முதல் பக்கத்தில் ஃப்ரீ லுக் காலம் எத்தனை நாள் என்று அச்சிட்டிருக்கும். அதற்குள் திருப்பிக் கொடுத்தால் கட்டிய பணம் திரும்ப வரும். கொழுந்தனாரிடம் உங்கள் கணவரே பேசட்டும். தம்பியிடம் அண்ணன் சொல்வதே முறை, உங்கள் மேல் வருத்தமும் வராது. அவர் விடாமல் வற்புறுத்தினால், பாலிசியோடு தரும் கணக்குத் தாளில் உத்தரவாதத் தொகைக்கென்று தனிப் பத்தி இருக்கும். அதில் பத்தாவது வருடத்துக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். அதற்குள் நீங்கள் கட்டியிருப்பது 72,000 டாலர்.