உக்ரைன் கிராமம் ஒண்ணுக்கு ரெண்டு மாவட்டம் ஏன் காட்டுது? பொலோட்னியாவை வச்சு ஒரு பதில்

கேட்டவர் கேட்டது இதுதான்: மரியா பிரிமாச்சென்கோங்கற ஓவியர் பிறந்த பொலோட்னியா கிராமத்தை நெட்ல தேடினா ஒரு இடத்துல இவான்கிவ் மாவட்டம்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல விஷ்ஹொரொட் மாவட்டம்னு போட்டிருக்கு, இதுல எது சரி, அங்க கிராம நிர்வாகம்லாம் எப்படி நடக்குது, அந்த ஊர்ல வேற யாராவது பெரிய ஆளுங்க இருக்காங்களா?

ரெண்டுமே சரிதாங்க. முன்னாடி இவான்கிவ், இப்ப விஷ்ஹொரொட். 2020 ஜூலையில உக்ரைன் பார்லிமென்ட் நாட்டுல இருந்த 490 ராயோனையும் (நாம மாவட்டம்னு வச்சுக்கலாம்) கலைச்சுட்டு பெருசு பெருசா 136 ராயோன் ஆக்கினாங்க. கீவ் ஓப்ளாஸ்ட்ல (ஓப்ளாஸ்ட்னா நம்ம மாநிலம் மாதிரி, ராயோனுக்கு மேல இருக்கறது) மட்டும் 25 இருந்தது 7 ஆச்சு. இவான்கிவ் ராயோன் அதுல காணாமப் போச்சு, பக்கத்துல இருந்த பொலிஸ்கே ராயோனும் போச்சு, எல்லாத்தையும் சேத்து விஷ்ஹொரொட்ல போட்டுட்டாங்க. பழைய பக்கங்களை யாரும் திருத்தாம விட்டதால ரெண்டு மாவட்டப் பெயரும் கூகுள்ல ஒண்ணா சுத்துது, அவ்ளோதான்.

நான் கீவ்ல மெடிசின் படிச்சப்ப இந்தப் பக்கம் போயிருக்கேன். அப்பல்லாம் செர்னோபில் டூர் பஸ் எல்லாமே இவான்கிவ் வழியாத்தான் போகும், கீவ்ல இருந்து வடக்கால சுமார் 80 கிலோமீட்டர், டாய்லெட்டுக்கும் காபிக்கும் அங்க நிறுத்திட்டு அப்புறம் நேரா செர்னோபில் தடை மண்டலத்துக்குள்ள நுழையற டிட்யாட்கி செக்போஸ்ட். பஸ்ல இருக்கறவங்க எல்லாரும் பாஸ்போர்ட்டை கையில வச்சுக்கிட்டு ரேடியேஷன் மீட்டர் வாடகைக்கு எடுக்கலாமா வேணாமான்னு பேசிட்டு இருப்பாங்க, ரோட்டோரத்துல பாட்டிங்க பிளாஸ்டிக் பக்கெட்ல காளானும் காட்டு பெர்ரியும் வச்சு உக்காந்திருப்பாங்க, கைடு வாங்காதீங்கன்னு கண்ணாலயே சொல்லுவாரு. காரணம் இருக்கு, அந்தக் காட்டு மண்ணுல சீசியம்ங்கற கதிரியக்கப் பொருள் இன்னும் இருக்கு, காளானும் பெர்ரியும் அதை நல்லா உறிஞ்சும். அந்த ஏரியா பேரு பொலிஸ்யா, சதுப்பு, பைன் காடு, உருளைக்கிழங்கு தோட்டம், அதுக்கு நடுவுல சின்னச் சின்ன கிராமம். பொலோட்னியா அப்படிப்பட்ட ஒரு ஊர்தான். டூர் பஸ் எதுவும் அங்க திரும்பினதில்ல. எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான், செத்துப்போன ரியாக்டரைப் பாக்க உலகம் பூரா ஆளு வந்துச்சு, பக்கத்துலயே இருந்த மரியா வீட்டைப் பத்தி முக்கால்வாசி பேருக்குத் தெரியவே தெரியாது.

மரியா பிறந்தது 1909 ஜனவரி (பழைய காலண்டர்படி 1908 டிசம்பர் கடைசி, அதனால சில இடத்துல 1908னு பாப்பீங்க, அதுவும் தப்பில்ல). அப்ப ரஷ்யப் பேரரசு, கீவ் குபேர்னியா (அந்தக் காலத்து மாகாணம்). இவான்கிவ் ராயோன்லாம் சோவியத் வந்தப்புறம் 1923ல உருவானது, கீவ் ஓப்ளாஸ்ட் 1932ல. அந்தம்மா வாழ்ந்தது பெரும்பாலும் அதே ஊர்லதான், மேல இருக்கற அட்ரஸ் மட்டும் மாறிக்கிட்டே இருந்துச்சு. அப்பா தச்சர், அம்மா எம்ப்ராய்டரி போடறவங்க. சின்ன வயசுல போலியோ வந்து கால் விளங்காமப் போச்சு. ஆத்தோரம் வாத்து மேய்க்கறப்ப நீல நிறத்துல களிமண் கிடைச்சுது, அதை எடுத்துட்டு வந்து வீட்டுச் சுவத்துல பூ வரைஞ்சேன், பாத்தவங்க எங்க வீட்டுலயும் வரைன்னு கேட்டாங்கன்னு அவங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க. ஸ்கூல் நாலு கிளாஸ்தான்.

1930கள்ல கீவ்ல நாட்டுப்புறக் கலைக்குன்னு ஒரு சோதனைப் பட்டறை நடந்துச்சு, லாவ்ரா மடத்து வளாகத்துல. டெத்யானா ஃப்ளோருன்னு ஒரு நெசவுக் கலைஞர் ஊர் ஊரா திறமைசாலிங்களைத் தேடிட்டுப் போனப்ப இவங்களைப் பாத்துட்டு 1936ல கீவ் கூட்டிட்டு வந்தாங்க. அங்கதான் கால்ல ஆபரேஷன் நடந்து சொந்தமா நிக்க முடிஞ்சுது. அடுத்த வருஷமே, 1937ல, பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு படங்கள் போச்சு, தங்கப் பதக்கம் வந்துச்சு. இத்தனைக்கும் அப்ப வயசு 28.

அப்புறம் போர். மகன் ஃபெதிர் பிறந்தது 1941 மார்ச்ல, ஜூன்ல ஜெர்மன்காரன் உள்ள வந்துட்டான், கணவர் போர்ல செத்துட்டார். ஊருக்குத் திரும்பிப் போய் கூட்டுப்பண்ணை வேலை. ரொம்ப வருஷத்துக்கு யாரும் கண்டுக்கல, 1960கள்லதான் மறுபடியும் பேரு வெளிய வந்துச்சு, 1966ல ஷெவ்சென்கோ பரிசு, உக்ரைன்ல கலைக்கு இருக்கறதுலயே பெரிய பரிசு. அதுக்கப்புறமும் வாசம் பொலோட்னியாலதான், ஊர்ப் பிள்ளைங்களுக்கு வீட்டுலயே வரைய சொல்லிக் குடுத்தாங்க. மகனும் ஓவியர், பேரன்களும் ஓவியர்கள், அப்ப ஒரே வீட்டுல இருந்து மூணு தலைமுறை.

கீவ்ல இப்பவும் அதே லாவ்ரா வளாகத்துல நாட்டுப்புறக் கலை மியூசியம் இருக்கு, இவங்க படங்கள் நூத்துக்கணக்குல அங்கதான் இருக்கு. பக்கத்துல போய்ப் பாருங்க, பிரிண்ட்ல தெரியாத விஷயம் ஒண்ணு தெரியும். சாதாரண போஸ்டர் பெயிண்ட், அதாவது குவாஷ், சாதாரண சார்ட் பேப்பர். ஒரு மிருகத்தோட உடம்பு முழுக்க புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்குள்ளயும் இன்னொரு கலர் புள்ளி, எங்கயும் கை நடுங்கினது இல்ல, பென்சிலால அவுட்லைன் போட்டுட்டு நிரப்பின மாதிரியும் இல்ல. சிங்கத்துக்கு மனுஷ மூஞ்சி, பல்லு தெரியற சிரிப்பு. தலைப்பு பலதும் ஒரு முழு வாக்கியம், சில சமயம் பாட்டு மாதிரி, அதைப் பின்பக்கம் அவங்க கையெழுத்துலயே எழுதியிருப்பாங்க. 1978ல ஒரு பூதம், தலைப்பு "நாசமாப் போகட்டும் அந்த அணுப்போர்!" 1982ல "புறா சிறகை விரிச்சு சமாதானம் கேக்குது". இவங்களை "வெகுளி ஓவியர்"னு வகைப்படுத்தறதுல எனக்கு உடன்பாடு கிடையாது, அணுப்போரை சபிக்கற பொம்பளை வெகுளியா?

அப்புறம் 1986. செர்னோபில் வெடிச்சப்ப பொலோட்னியா விலக்கு மண்டலத்துக்கு (ஜனங்களை வெளியேத்தின தடை மண்டலம்) வெளிய விழுந்துச்சு, அதனால ஊர் காலி பண்ணல, அவங்களும் போகல. நிர்வாகத்துலயும் ஒரு மாத்தம் நடந்துச்சு: ஆள் இல்லாத செர்னோபில் ராயோனை 1988ல கலைச்சு அந்த நிலத்தை இவான்கிவ் ராயோன்ல சேத்துட்டாங்க. ஆக இவான்கிவ்ங்கற சின்ன டவுன் திடீர்னு ஒரு பெரிய வெத்து நிலத்துக்கும் தலைமையிடம் ஆயிடுச்சு. மரியா செர்னோபிலை வச்சு ஒரு வரிசையே வரைஞ்சாங்க, அதுல 1990ல வரைஞ்ச "நாலாவது பிளாக் பக்கத்துல பூ வளந்துச்சு"ங்கற படம் (நாலாவது பிளாக்னா வெடிச்ச ரியாக்டர்) 2022 மே மாசம் ராணுவத்துக்கு நிதி திரட்ட ஏலம் விட்டு 5 லட்சம் டாலருக்குப் போச்சு. அவங்க இறந்தது 1997 ஆகஸ்ட், பொலோட்னியாலயேதான்.

வேற யாருன்னா, பக்கத்து கிராமம் ஒபுகோவிச்சி, அங்க ஹன்னா வெரெஸ்னு நெசவுக் கலைஞர், 1928ல பிறந்தவங்க, 1968ல அதே ஷெவ்சென்கோ பரிசு. வெள்ளையும் சிவப்புமா பொலிஸ்யா டவலை தறியில நெய்வாங்க. ஒரே பழைய ராயோன்ல ரெண்டு கிராமத்துப் பொம்பளைங்க ரெண்டு வருஷ இடைவெளியில நாட்டோட பெரிய பரிசை வாங்கியிருக்காங்க, இதைப் பத்தி இங்கிலீஷ்ல தேடினா ஒண்ணும் பெருசா சிக்காது.

சரி, நிர்வாகத்துக்கு வர்றேன். மேல இருந்து கீழ: ஓப்ளாஸ்ட் 24 (கிரிமியா தனி, கீவ், செவஸ்தோபோல் ரெண்டும் தனி அந்தஸ்து நகரம்), அதுக்குள்ள ராயோன், அதுக்குள்ள ஹ்ரொமாதா. இந்த ஹ்ரொமாதாதான் இப்ப உண்மையான பவர். 2015ல இருந்து கிராமங்களை தானா சேர விட்டு, 2020ல மிச்சத்தை அரசாங்கமே சேத்து மொத்தம் 1,469 ஹ்ரொமாதா ஆக்கினாங்க. ஒரு டவுனும் சுத்தி இருக்கற கிராமங்களும் சேந்து ஒரு ஹ்ரொமாதா, அதுக்கு தேர்தல்ல ஜெயிச்ச ஒரு தலைவர், ஒரு கவுன்சில். பொலோட்னியா இருக்கறது இவான்கிவ் ஹ்ரொமாதால.

பணம் எப்படி வருதுன்னு பாத்தாத்தான் இது ஏன் முக்கியம்னு புரியும். அங்க வேலை பாக்கறவங்களோட வருமான வரியில 60 சதவீதம் நேரா ஹ்ரொமாதா பட்ஜெட்டுக்கு வரும், 2022ல அதை 64 ஆக்கினாங்க. ஸ்கூல், நர்சரி, உள்ளூர் ரோடு, நூலகம், மியூசியம் எல்லாம் இவங்க தலையில. ராயோனுக்கு இதுல பெருசா ஒண்ணும் மிச்சமில்ல. ராயோன் நிர்வாகத் தலைவர் நம்ம கலெக்டர் மாதிரி மேல இருந்து நியமிக்கப்படறவர், ராயோன் கவுன்சில் மட்டும் தேர்தல்ல வர்றது. 2022 பிப்ரவரில இருந்து ராணுவச் சட்டம் ஓடறதால ராயோன், ஓப்ளாஸ்ட் நிர்வாகமெல்லாம் ராணுவ நிர்வாகம்னு ஆயிடுச்சு, தேர்தலும் கிடையாது, கடைசி உள்ளாட்சித் தேர்தல் 2020 அக்டோபர் 25தான்.

கிராமத்துல முன்னாடி அவங்கவங்களுக்கு கிராம கவுன்சில் இருந்துச்சு, ஹ்ரொமாதா வந்ததும் அதெல்லாம் போச்சு. இப்ப ஸ்டாரோஸ்டான்னு ஒருத்தர், ஹ்ரொமாதா கவுன்சில் போடற ஆளு, ஒண்ணு ரெண்டு கிராமமோ அதுக்கு மேலயோ ஒருத்தர் கையில இருக்கும், சர்டிஃபிகேட் வேணும், கரண்ட் கம்பம் சாஞ்சிருச்சு, பாட்டிக்கு விறகு வேணும்னா மொதல்ல அவர்கிட்டதான் போவாங்க. ஆரம்பத்துல மக்கள் ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுத்தாங்க, பிறகு அதை நியமனமா மாத்திட்டாங்க. இந்த மாத்தம் எனக்குப் பிடிக்கல, காசு கீழ வந்துச்சு, சரி, ஆனா சின்ன ஊர்க்காரனுக்குன்னு இருந்த ஒரே ஓட்டு போச்சே. ராயோன் தலைநகர் விஷ்ஹொரொட்டும் கீவ் ஓரத்துல இருக்கு, இவங்களுக்கு ரொம்ப தூரம். ஆனா இவான்கிவ் டவுன்லயே சேவை மையம் இருக்கறதால சாதாரண வேலைக்கு அவ்ளோ தூரம் போகத் தேவையில்ல.

இதுல செம குழப்பம் கோர்ட்டுதான். 2020ல ராயோனை கலைச்சாங்க, ராயோன் கோர்ட்டை அப்ப கலைக்கல. அதுக்கப்புறமும் இவான்கிவ் ராயோன் கோர்ட்டுன்னு அதே பேர்ல ஓடுச்சு, இல்லாத மாவட்டத்துக்கு கோர்ட்! நெட்ல பழைய பேரு சாகாம இருக்க இதுவும் ஒரு காரணம். இன்னொரு கூத்து, செர்னோபில் ஊழியர்களுக்காக கட்டின ஸ்லாவுடிச் நகரம் மேப்புல செர்னிஹிவ் ஓப்ளாஸ்ட் நடுவுல இருக்கும், ஆனா கணக்குல கீவ் ஓப்ளாஸ்ட், விஷ்ஹொரொட் ராயோன்.

2022ல ரஷ்யா படையெடுத்தப்ப நடந்ததையும் சொல்லணும், ஏன்னா இவான்கிவ் பேரு நிறைய பேர் காதுல விழுந்ததே அப்பதான். பெலாரஸ் பக்கமிருந்து கீவுக்கு வர்ற ரோடு இவான்கிவ் வழியாத்தான், அதனால முதல் நாள்ல இருந்தே டாங்கி. டெடெரிவ் ஆத்துப் பாலத்தை உக்ரைன் ராணுவமே பிப்ரவரி 25 வெடி வச்சு தகர்த்துச்சு. அதே மாசக் கடைசியில இவான்கிவ் மியூசியம் எரிஞ்சுது. அது பழைய ராயோன் மியூசியம், சின்ன கட்டடம், மரியாவோட படம் சுமார் 25 அங்க இருந்துச்சு, ஹன்னா வெரெஸ் நெசவும் இருந்துச்சு. முதல்ல எல்லாம் போச்சுன்னுதான் உலகம் பூரா செய்தி, அப்புறம்தான் தெரிஞ்சுது ஊர்க்காரங்க எரியற கட்டடத்துக்குள்ள பூந்து மரியா படங்கள்ல கொஞ்சத்தை வெளிய எடுத்திருக்காங்கன்னு. ஒபுகோவிச்சில ரஷ்ய படை ஊர் ஜனங்களை ஸ்கூல்ல அடைச்சு மனுஷக் கேடயமா வச்சிருந்ததா பிபிசி பின்னாடி அங்க போய் செய்தி போட்டுச்சு. ஏப்ரல் தொடக்கத்துல படை பின்வாங்கிடுச்சு. சமாதானம் கேக்கற அந்தப் புறா படம் அந்த மாசங்கள்ல ஐரோப்பா முழுக்க ஊர்வலங்கள்ல பேனரா போச்சு, 2024ல வார்சால பெரிய கண்காட்சியும் வச்சாங்க.

நீங்க அட்ரஸ் எழுதணும்னா இப்படி எழுதுங்க: பொலோட்னியா கிராமம், இவான்கிவ் ஹ்ரொமாதா, விஷ்ஹொரொட் ராயோன், கீவ் ஓப்ளாஸ்ட். கீவ் நகரம் இந்த ஓப்ளாஸ்ட்ல சேத்தி இல்ல, ஆபீஸ் மட்டும்தான் நகரத்துக்குள்ள இருக்கு, அதனால வெறும் "கீவ்"னு போட்டுடாதீங்க. இவான்கிவை "நகர்ப்புற வகைக் குடியிருப்பு"ன்னு எழுதியிருந்தா அதுவும் பழசு, அந்த சோவியத் வகையையே 2024 ஜனவரில எடுத்துட்டாங்க, இப்ப அது வெறும் குடியிருப்பு. 2020க்கு முன்னாடி எழுதின புத்தகம், கேட்லாக்ல இருந்து மேற்கோள் எடுத்தா இவான்கிவ் ராயோன்னு அப்படியே விட்டுடுங்க, அந்த தேதிக்கு அதுதான் சரி.