பயம் வரவில்லையே என்று ஒரு வருத்தம்

கேள்வி: பள்ளி நாளிலிருந்து பேய்க்கதையும் மாயக்கதையும்தான் எனக்கு உயிர். இப்போது வயது 46. எவ்வளவு ரத்தம், எவ்வளவு அலறல் வந்தாலும் பயமே வருவதில்லை. மாயக்கதையில் ஒரு மந்திரம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதால் பாதியிலேயே மூடிவிடுகிறேன். "இந்த வயசுல இன்னாத்துக்குமா பேய்க்கதை?" என்கிறார் மாமியார். என் ரசனை மரத்துப்போய்விட்டதா? விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விடாதீர்கள். உங்கள் ரசனைக்கு ஒன்றும் ஆகவில்லை. சரக்கு இல்லாத கதையை அது இப்போது உடனே கண்டுபிடித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நம் பக்கத்துக் கதை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அரக்கோணம் தாண்டித் திருவாலங்காடு. அதை ஒட்டிப் பழையனூர். வணிகன் ஒருவனைப் பழிவாங்கப் பெண் உருவில் வந்த பேய் நீலியின் கதை நடந்த ஊர். கரண்டு போன ராத்திரிகளில் என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சொல்வார். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன்" என்று நீலி அழுவாள். "இவள் பேய்" என்று வணிகன் கதறுவான். அவனைக் காப்பாற்றுவது கையில் இருக்கும் மந்திரக் கத்தி ஒன்றுதான். ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேரும், "உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று வாக்குக் கொடுத்து, அந்தக் கத்தியை வாங்கிக்கொள்வார்கள்.

அந்த இடத்தில் பாட்டி நிறுத்திவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். "குடுக்காத, குடுக்காத" என்று நாங்கள் கத்துவோம். நீலியின் பல்லையோ நகத்தையோ பாட்டி ஒரு நாளும் வர்ணித்ததில்லை. நல்லவர்கள், நல்ல எண்ணத்தோடு, ஒரு மனிதனைச் சாவின் கையில் ஒப்படைக்கிறார்களே, அங்கேதான் எங்களுக்கு உடம்பு சில்லிடும். விடிந்ததும் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள். திருவாலங்காட்டுத் தேவாரத்தில் சம்பந்தரும் இதைத் தொட்டுச் செல்கிறார்: நட்புப் போல வந்து வஞ்சித்து உயிர் கொண்ட வகையைக் கேட்டு அஞ்சுகிற ஊர் என்கிறார். 'வகை' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பேயைப் பார்த்து வந்த பயமல்ல அது. 'நீலிக் கண்ணீர்' என்று இன்றைக்கும் நாம் சொல்வதும் அந்த வஞ்சனையை நினைத்துத்தான்.

நீங்கள் மூடிவைக்கும் புத்தகங்களில் பேய் இருக்கும், கத்தியை வாங்கிவைக்கும் கை இருக்காது.

மாயக்கதைக்கும் வெகுதூரம் போக வேண்டாம். வைகாசி முதல் நாள் உங்கள் தெருவிலேயே கெங்கையம்மன் சிரசு, அதாவது அம்மனின் தலை, ஊர்வலமாக வருகிறதே! அதன் பின்னால் இருக்கும் கதை இதுதான். அப்பன் சொல்லைக் கேட்டுத் தாயை வெட்டிய பரசுராமன், அவளை எழுப்ப வரம் வாங்கினான். வரம் பலித்தது, தாய் எழுந்தாள். ஆனால் அவசரத்தில் அவள் தலை இன்னொருத்தியின் உடலில் பொருந்திவிட்டது. அதைச் சரிசெய்ய இன்னொரு வரம் கிடையாது. மாலைகளுக்கு நடுவே அந்த முகம் மட்டும் கூட்டத்தின் தலைக்கு மேல் அசைந்து வரும்போது, தேங்காய் உடைக்கக் குனிந்தவர் அப்படியே நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மந்திரம் எதை மீட்டுத் தராது என்று ஒரு கதைக்குத் தெரிந்திருந்தால் போதும், நம் மனம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே புதிதாக ஒரு புத்தகம் எடுத்தால் இருபது பக்கம் படியுங்கள். அதற்குள் யார் யாரை நம்புகிறார்கள், எதை இழக்கப்போகிறார்கள் என்பது மனதில் உறைக்கவில்லையென்றால் தயங்காமல் மூடிவிடுங்கள். ஒரே வீச்சில் நாலைந்து படிப்பதையும் கொஞ்சம் குறையுங்கள்.

மாமியாரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். ஒரு சாயங்காலம் அவர் பூக் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, உங்களுக்கு நீலி கதை தெரியுமா?" என்று கேட்டுப்பாருங்கள். அவர் சொல்லும் கதையில் கத்தியை யார் வாங்கிவைக்கிறார்கள், என்ன சொல்லி வாங்குகிறார்கள் என்பதை அவர் வார்த்தையிலேயே எனக்கு எழுதி அனுப்புங்கள்.