எந்த இனிப்புக்கு எந்தப் பால்?

தபேலா என்று இங்கே சொல்லும் எருமைத் தொழுவத்திலிருந்து வரும் கெட்டியான எருமைப்பாலில்தான் ரசகுல்லா செய்கிறேன். ஒவ்வொரு முறையும் கடிக்க முடியாதபடி இறுகிவிடுகிறது. என்ன காரணம்?
– வாசகி, செம்பூர்

பால்தான் காரணம். எருமைப்பாலில் கொழுப்பும் கேசீன் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பசும்பாலைவிட அதிகம். அதைத் திரித்தால் வரும் பனீர் குருமாவுக்கு அருமையாக இருக்கும். ஆனால் பாகை உள்ளே விடாது. ரசகுல்லாவுக்குப் பசும்பால் வாங்குங்கள்.

1 லிட்டர் பாலைப் பொங்கவிட்டு இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் சூடு அடங்கட்டும். எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, கரண்டி கரண்டியாக விட்டு மெல்லக் கிளறுங்கள். வெள்ளையாக இருக்கும் நீர் இளம்பச்சையாகத் தெளிந்ததும் சாறு விடுவதை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் விடும் புளிப்பு பனீரை இறுக்கும். உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றித் துணியில் வடித்து, புளிப்பு போக அலசி, அரை மணி நேரம் தொங்கவிடுங்கள்.

பிசைவதில் அவசரம் வேண்டாம். உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தால், 10 நிமிடத்துக்குள் நறநறப்பு போய், கையில் லேசாக நெய்ப்பசை தட்டும். அதுதான் பதம். வெடிப்பில்லாமல் சிறிய உருண்டைகளாக உருட்டுங்கள். 1 கப் சர்க்கரைக்கு 4 கப் தண்ணீர். பாகு தளதளவென்று கொதிக்கும்போது போட்டு மூடி, 15 நிமிடம் வேகவிடுங்கள். உருண்டைகள் இரு மடங்காகும் என்பதால் அகலமான பாத்திரம் வேண்டும். பாகு கெட்டிப்பட்டால் இடையே கொஞ்சம் வெந்நீர் விடலாம்.

திரட்டுப்பாலில் வெல்லம் போட்டதுமே பால் திரிகிறது. அம்மா செய்தால் அப்படி ஆவதில்லை.
– வாசகி, மாட்டுங்கா

வெல்லத்தில் இயல்பாகவே சற்றுப் புளிப்புத் தன்மை உண்டு. கொதிக்கும் பாலில் நேராகப் போட்டால் திரியத்தான் செய்யும். அடிகனமான உருளியில் பாலைக் கால் பங்காகச் சுண்டவிடுங்கள். ஓரத்தில் படியும் ஆடையைத் தோசைத் திருப்பியால் வழித்து நடுவில் சேர்த்துக்கொண்டே வரவேண்டும். பால் சேறு போல் ஆனதும் அடுப்பை அணைத்து, கரைத்து வடிகட்டி ஆறவைத்த வெல்லத்தைச் சேருங்கள். பிறகு சிறு தீயில் சுருளக் கிளறுங்கள். அப்போதும் சிறிது மணல் மணலாக வரும். அது குறையே அல்ல. அந்தக் குருணைப் பதத்துக்காகவே திரட்டுப்பாலை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் எத்தனையோ பேர்!

டோன்டு பாலில் பால்கோவா செய்யலாமா?
– வாசகர், முலுண்ட்

செய்யலாம், நான் செய்யமாட்டேன். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஃபுல் க்ரீமில் 6 சதவீதம். கொழுப்பு குறைந்தால் கோவா வறண்டு இழுபடும். ஃபுல் க்ரீம் 1 லிட்டருக்குச் சர்க்கரை சேர்க்காத கோவா சுமார் 200 கிராம் கிடைக்கும். மழைக்காலத்தில் பால்கோவாவை வெளியே வைக்காதீர்கள். மும்பை ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

இங்குள்ள பால் கடையில் கர்வஸ் சாப்பிட்டேன். நம் சீம்பால்தானா அது? வீட்டில் செய்ய முடியுமா?
– வாசகி, காட்கோபர்

சீம்பாலேதான். கடையில் 'சீக்' என்று கேளுங்கள். கன்று குடித்தது போக மீந்ததை மட்டும் விற்கும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். அது கன்றின் உரிமை.

சீம்பாலில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் மிகுதி. சூடு பட்டதும் அவை தாமாக உறைவதால் கடற்பாசி, சோளமாவு எதுவும் வேண்டாம். முதல் நாள் சீம்பால் என்றால் ஒரு பங்குக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை சாதாரணப் பால் சேர்க்கலாம். அடுத்தடுத்த நாள் பாலுக்கு அவ்வளவு தாங்காது. எந்த நாள் பால் என்று தெரியாவிட்டால், ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி மட்டும் கலந்து வேகவைத்துப் பாருங்கள். உறைந்தால் மீதியையும் அதே அளவில் கலக்கலாம். வெல்லம், ஏலக்காய், துளி ஜாதிக்காய் சேர்த்து, இட்லிப் பானையில் 20 நிமிடம் ஆவியில் வைத்து, நன்றாக ஆறிய பிறகே துண்டு போடுங்கள்.