பதில்: அப்பாவின் அட்டாரி கார்ட்ரிட்ஜ்களுக்கு 2600+ வாங்கலாமா?

வணக்கம் நண்பரே. பரணில் கிடைத்த அப்பாவின் அட்டாரி கார்ட்ரிட்ஜ்களை (கேம் பதிந்த பிளாஸ்டிக் பெட்டிகளை) போட்டு விளையாட, பழைய அட்டாரி 2600 கேம் கருவியின் புது வடிவமான 2600+ வாங்கலாமா, இது அதே அட்டாரிதானா, நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பெயர்தான் அதே. 1972-ல் நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் தொடங்கிய கம்பெனி, 1976-ல் வார்னர் என்ற ஊடக நிறுவனத்தின் கைக்குப் போனது. 1983-ல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்ததில் பெருநஷ்டம். அடுத்த வருடமே வீட்டு கேம் பிரிவை, கமோடோர் கணினி நிறுவனத்தைத் தொடங்கிய ஜாக் ட்ரேமியல் வாங்கினார். 1998-ல் பொம்மை கம்பெனி ஹாஸ்ப்ரோ, பிறகு பிரான்சின் கேம் கம்பெனி இன்ஃபோகிராம்ஸ் என்று கை மாறியது. 2013-ல் அமெரிக்கக் கிளைகள் திவால் மனு போட்டன. அதன்பின் கிரிப்டோ டோக்கன், ஹோட்டல் என்று கண்டதற்கெல்லாம் பெயரைக் கொடுத்ததில்தான் ரசிகர்கள் வெறுத்துப்போனார்கள். உங்கள் சந்தேகம் நியாயமானது.

ஆனால் 2021-ல் வேட் ரோசன் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்ற பிறகு போக்கு மாறியிருக்கிறது. பழைய கேம்களைப் பொறுப்பாகப் புதுப்பிக்கும் நைட்டைவ், டிஜிட்டல் எக்லிப்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களையும் 2023-ல் வாங்கினார்கள். எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி.

அதனால் தாராளமாக வாங்குங்கள். ஒன்று மட்டும்: 2600+ கார்ட்ரிட்ஜில் உள்ளதைப் படித்து எமுலேட்டரில்தான் (பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில்) ஓட்டும். சில கார்ட்ரிட்ஜ்கள் ஓடாது. அட்டாரி வெளியிட்ட பட்டியலில் உங்களுடையவற்றைப் பார்த்துவிடுங்கள். செருகும் முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் போடுங்கள். கறுப்பாக அழுக்கு வரும், பயப்படாதீர்கள். பிரேக்அவுட் மாதிரி கேம்களுக்கு ஜாய்ஸ்டிக் உதவாது, பேடில் (திருகும் குமிழ் கொண்ட கட்டுப்படுத்தி) தனியாக வேண்டும்.