சென்னை–டொராண்டோ: பன்னிரண்டரை மணி நேரமா, 22 மணி நேரமா?

கேள்வி: 67 வயதான என் அம்மா ஜூலையில் சென்னையிலிருந்து டொராண்டோவுக்குத் தனியாக வருகிறார். தூரம் 13,400 கிலோமீட்டர், பயணம் 16 மணி நேரம் என்கிறது இணையம். டிக்கெட் முகவரோ, "15ஆம் தேதி அதிகாலை 3.30க்குக் கிளம்பினால் அன்றே மாலை 4 மணிக்கு இறங்கிவிடலாம், பன்னிரண்டரை மணி நேரம்தான்" என்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் தவறு. அம்மாவின் பயணம் 22 மணி நேரம்.

3.30 சென்னை நேரம். 4 மணி டொராண்டோ நேரம். ஜூலையில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அம்மா கைக்கடிகாரத்தை மாற்றாமல் வந்தால், இறங்கும்போது அது மறுநாள் அதிகாலை 1.30 காட்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துவிட்டு "பன்னிரண்டரை" என்று ஒரு முகவர் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மொத்தப் பயண நேரத்தை டிக்கெட்டில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளில் யாரும் கட்டாயப்படுத்தவில்லையே!

இணையம் சொல்வது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். நேரடி விமானம் இல்லாத தடத்துக்கு அந்த 16 மணி நேரத்தால் பயனில்லை. துபாய் வழியாக வந்தாலும் பிராங்பர்ட் வழியாக வந்தாலும் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர்தான். வித்தியாசம் நடுவில் காத்திருக்கும் நேரத்தில் வருகிறது. வயதானவருக்கு மூன்று, நான்கு மணி நேர இடைவெளி நல்லது. ஒன்றரை மணி நேரத்தில் ஓடவிடாதீர்கள்.

இனி முக்கியமான எச்சரிக்கை. முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். விலையைக் குறைத்துக் காட்ட இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டவைத்துத் தரும் முகவர்கள் இருக்கிறார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியை நடுவழியில் எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டிவரும். அதற்கு அந்த நாட்டின் விசா தேவைப்படலாம்.

ஒரே பிஎன்ஆர் இருந்தும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு: அமெரிக்கா. நியூயார்க்கிலோ நியூவார்க்கிலோ விமானம் மாறுவதாக இருந்தால், இரண்டு மணி நேரம் மட்டுமே நின்றாலும், வெளியே கால் வைக்காவிட்டாலும், அம்மா அங்கே குடிவரவுச் சோதனையைக் கடந்தாக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் கனடா விசா மட்டும் இருந்தால் போதாது. அமெரிக்க விசாவும் வேண்டும். இல்லையென்றால் சென்னையிலேயே விமானம் ஏற விடமாட்டார்கள். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று இந்த வழியை வாங்கிவிடாதீர்கள்.

சக்கர நாற்காலி உதவியை 48 மணி நேரம் முன்னதாகவே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அம்மாவிடம் இன்றே சொல்லுங்கள்: 15ஆம் தேதி அதிகாலை 3.30 என்றால், 14ஆம் தேதி இரவுச் சாப்பாடு முடிந்ததும் மீனம்பாக்கத்துக்குக் கிளம்பிவிட வேண்டும்.