முழுக் காட்டையும் ஒரே பட்டத்தில் விதைக்கச் சொல்கிறார்களே!

கேள்வி: சேலத்தில் ஒரு கல்லூரியில் பொருளியல் எடுக்கிறேன். 2020 ஊரடங்கில் எல்லோரும் அடித்துப்பிடித்து கூகுள் கிளாஸ்ரூம் கற்றோம், கல்லூரி திறந்ததும் பாதிப் பேர் விட்டுவிட்டோம். இப்போது எல்லாப் பாடத்தையும் மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருளில் ஏற்றச் சொல்லி சுற்றறிக்கை. எனக்கு இன்னும் ஆறு வருட சர்வீஸ்தான். எங்கள் கல்லூரியில் மட்டும்தான் இப்படியா? - பேராசிரியர், அஸ்தம்பட்டி

பதில்: எல்லா ஊரிலும் இதே கதைதான் சார். வேறு வழியில்லாமல் பிடித்ததை, வழி கிடைத்ததும் விட்டுவிட்டீர்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

1943-இல் ரயான், கிராஸ் என்ற இரண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் அயோவா மாநில விவசாயிகள் வீரிய மக்காச்சோள விதைக்கு மாறிய விதத்தைப் பற்றி எழுதினார்கள். நல்ல விதை என்று தெரிந்த பிறகும் பெரும்பாலும் யாரும் முதல் வருடமே நிலம் முழுக்கப் போடவில்லை, ஒரு மூலையில் போட்டுப் பார்த்து, பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேட்டு, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். ஆத்தூர்ப் பக்கம் சோளம் போடுகிறவரும் இதையேதான் செய்வார். பிறகு 1962-இல் எவரெட் ரோஜர்ஸ் என்ற சமூகவியலாளர் ஒரு கணக்குச் சொன்னார்: புதுசு எது வந்தாலும் முதலில் குதிப்பவர்கள் நூற்றுக்கு 2.5 பேர், அடுத்து 13.5, கடைசியில் வருபவர்கள் 16, மீதி 68 பேர் நடுவில். இந்த 68-ல்தான் நீங்களும் நானும். சுற்றறிக்கை எழுதுகிறவர்களுக்கு இது எப்போதுமே புரிவதில்லை.

அதனால் ஒரு யூனிட் மட்டும் ஏற்றுங்கள். அதில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பத்துக் கேள்வி போடுங்கள், மூடுலே திருத்தி மார்க்கும் போட்டுவிடும், அறுபது பேப்பரோடு உட்காரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம். கணினிக் கருவிகளை ஆட்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று ஆராய்ந்த ஃபிரெட் டேவிஸ் 1989-இல் கண்டதும் இதுதான், ஒரு கருவி சுலபமாக இருக்கிறதா என்பதைவிட நம் வேலைக்கு உதவுகிறதா என்பதுதான் ஆளை அதிகம் இழுக்கிறது.

அப்புறம், ஒரு மணி நேர வீடியோவெல்லாம் வேண்டாம். ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்கு வீட்டில் சிக்னல் இருந்தால் உண்டு. நாலு பக்க பிடிஎஃப் என்றால் சேலம் பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிக்கொண்டு போய்விடும்.

ஆறு வருடம் என்றால் இரண்டு யூஜி பேட்ச் சார், சின்னக் காலமா? உங்கள் ஸ்டாஃப் ரூமில் கூகுள் கிளாஸ்ரூமை விடாமல் வைத்திருப்பவர் ஒருத்தராவது இருப்பார். நாளைக்கு டீ நேரத்தில் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போடுங்கள், சுற்றறிக்கைக்கு 'முதல் யூனிட் ஏற்றப்பட்டது' என்று பதில் எழுதிவிடலாம்.