கர்ப்பப்பையை எடுத்த பிறகு சினைப்பைக்கு என்ன ஆகும்?

கர்ப்பப்பை அறுவை சிகிச்சை பற்றி வாசகிகள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஃபைப்ராய்டு கட்டிக்காக 36 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சினைப்பை இரண்டையும் விட்டுவைத்ததாகச் சொன்னார்கள். இப்போது 39 வயது. திடீர் திடீரென்று முகம் கொதிக்கிறது, ராத்திரியில் ஜாக்கெட் நனைகிற அளவுக்கு வியர்க்கிறது. சினைப்பை இருக்கும்போதே மெனோபாஸ் வருமா?

வரலாம் அம்மா. சினைப்பைக்கு இரண்டு பக்கமிருந்து ரத்தம் வருகிறது. ஒன்று, வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து நேராக இறங்கும் குழாய். மற்றது, கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயின் கிளை. கர்ப்பப்பையை எடுக்கும்போது இரண்டாவதைக் கட்டி வெட்டியாக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மீதி ரத்தமே போதும். சிலருக்குச் சினைப்பை சில வருடங்கள் முன்கூட்டியே ஓய்ந்துவிடுகிறது. நம் நாட்டில் இயல்பான மெனோபாஸ் சராசரியாக 46, 47 வயதில் வருகிறது.

பீரியட்ஸ் இல்லாததால் உங்களுக்கு நாள் கணக்கு பார்க்க வழியில்லை, உடம்பு சொல்வதைத்தான் கேட்க வேண்டும். சினைப்பை வேலை செய்கிறதா என்று காட்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ரத்தப் பரிசோதனையை நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை எடுங்கள். தைராய்டையும் பாருங்கள், அதனாலும் இப்படி வியர்க்கும். சினைப்பை ஓய்ந்தது உறுதியானால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகாதீர்கள். 40-க்கு முன்பே ஈஸ்ட்ரோஜன் நின்றுபோனால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். அதனால் மார்பகப் புற்றுநோய், ரத்தம் உறைதல் போன்ற தடை இல்லாதவர்களுக்கு இயல்பான மெனோபாஸ் வயது வரை ஹார்மோன் கொடுக்கிறோம். கர்ப்பப்பை இல்லாததால் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

வயது 34. வெள்ளைப்படுதலுக்குப் போனேன். "ரெண்டு குழந்தை இருக்கே, எடுத்துடலாம், இல்லாட்டி கேன்சராயிடும்" என்கிறார்கள்.

தயவுசெய்து அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். வெள்ளைப்படுதல் பெரும்பாலும் தொற்று, மாத்திரையில் குணமாகும். புற்றுநோய் பயத்துக்கு, கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர், அல்லது அங்கே புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. பரிசோதனை இருக்கிறது. அதிக ரத்தப்போக்காக இருந்தால்கூட மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் என்று முதலில் செய்து பார்க்க வேண்டியவை உண்டு. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் பலர் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை இழந்திருந்தது 2019-ல் வெளியே வந்தது. தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இன்னொரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

47 வயது. அடுத்த மாதம் ஆபரேஷன். எப்படியும் மெனோபாஸ் வரப்போகிறதே, சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிடலாமா?

குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இல்லை, ஸ்கேனில் சினைப்பை நன்றாக இருக்கிறது என்றால் விட்டுவைக்கச் சொல்லுங்கள். மெனோபாஸுக்குப் பிறகும் சினைப்பை கொஞ்சம் ஹார்மோன் சுரக்கிறது. உடம்பின் கொழுப்புத் திசு அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. இரண்டு சினைப்பையையும் எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் சரியும். இயல்பான மெனோபாஸுக்கு முன்பே எடுத்துவிட்டு ஹார்மோனும் எடுத்துக்கொள்ளாத பெண்களுக்கு மாரடைப்பும் எலும்புத் தேய்மானமும் அதிகம். கருக்குழாய்களை மட்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். சினைப்பைப் புற்றுநோய் எனப்படுவதில் பெரும்பங்கு கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்களுக்குச் சினைப்பையை எடுப்பதுதான் பாதுகாப்பு.

கர்ப்பப்பை எடுத்த பிறகும் பாப் ஸ்மியர் வேண்டுமா?

கர்ப்பப்பை வாயை விட்டுவைத்திருந்தால் வேண்டும். அதையும் எடுத்து, முன்பு அங்கே புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருந்ததில்லை என்றால் வேண்டாம்.

எனக்கு 54 வயது. 41-ல் ஆபரேஷன். எதை எடுத்தார்கள் என்றே தெரியாது. இப்போது முதுகு வலி.

இதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். போன வாரம் ஒரு அம்மா மஞ்சள் பையிலிருந்து நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்துபோன டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து நீட்டினார். "டி.ஏ.எச்., பி.எஸ்.ஓ." என்று ஒரு ஓரத்தில் எழுதியிருந்தது. டி.ஏ.எச். என்றால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை முழுதாக எடுத்தது. பி.எஸ்.ஓ. என்றால் இரண்டு சினைப்பையும் கருக்குழாய்களும் போயின என்று அர்த்தம். 15 வருடமாக அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கு அதை யாரும் படித்துச் சொல்லவில்லை.

நீங்களும் தேடுங்கள். சம்மரி இல்லையென்றால் பயாப்சி ரிப்போர்ட்டில் என்னென்ன அனுப்பினார்கள் என்று இருக்கும். ஸ்கேனை மட்டும் நம்ப முடியாது. இந்த வயதில் சினைப்பை சுருங்கியிருக்கும், பல சமயம் கண்ணில் படாது. காகிதம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், பி.பி., சர்க்கரை, கொழுப்பு, வைட்டமின் டி எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். டெக்ஸா ரிப்போர்ட் வரும்வரை தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்க வேண்டாம்.